வெள்ளைப் பாதி

இடது கை உள்ளே போய்விட்டது. வலது கைதான் அடம்பிடித்தது. றோசமலர் கோட்டின் கையை அகலப் பிடித்துக்கொண்டு, கணவனின் முழங்கையை மெல்ல மடக்கப் பார்த்தாள். உயிரோடிருந்தவரை சொன்னதற்கெல்லாம் வளைந்து கொடுத்த மனிதர், செத்து நாலு மணித்தியாலத்துக்குள் இப்படிப் பிடிவாதக்காரராகிவிட்டார். சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்திருந்த சிசிலிக்காரன், முதுகுப்புறம் கத்தரித்துவிட்டால் சுலபமாகப் போடலாம், எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்று பணிவாகச் சொன்னான். அவள் சம்மதிக்கவில்லை. இருந்தது ஒரேயொரு நல்ல கோட்டு. அதை வெட்டித்தான் அவரை அனுப்பவேண்டுமென்றால், கோட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்று காலை ஏழு மணிக்குச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்த அருளையா நிமிரவேயில்லை. இதயம் என்றார் டாக்டர். வயது ஐம்பத்துநாலு. பிள்ளைகள் இல்லை. மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. அதில் கடைசி ஒன்றரை வருடம், பல்லாறோ சந்தைக்குப் பின்னாலிருக்கிற பழைய கோயிலில், எமிலியானா என்ற சிஞ்ஞோராவிடம் வேலை. பழைய படங்களைப் பழுது பார்ப்பது அவளுடைய தொழில். ஏணி பிடிப்பது அருளையாவின் தொழில். அப்படித்தான் றோசமலர் நினைத்திருந்தாள். கோயிலுக்குள் நாள் முழுக்க என்னதான் செய்கிறீர்கள் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். தூசு தட்டுகிறேன் என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை.

வாயைத் திறக்காத மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டவள், எல்லாவற்றையும் துருவி விடுப்புக் கேட்கிறவளாக ஆகாமல் வேறு என்ன செய்வாள்? லிபெர்த்தா வீதியில் அவள் வேலை செய்கிற வீட்டில் எந்த மேசை லாச்சிக்குள் என்ன இருக்கிறதென்று வீட்டுக்காரிக்குத் தெரியாது, றோசமலருக்குத் தெரியும். தன் வீட்டு மனிதரின் நாளுக்குள் மட்டும் அவளால் எட்டிப் பார்க்க முடிந்ததில்லை. இந்தப் பன்னிரண்டு நாளாக அவர் வேலைக்குப் போகிற பழைய சட்டையை விட்டு இந்த நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனதும் அப்படித்தான். குளிர் என்றார். மாசி மாதம், நம்பக்கூடிய பொய்.

தோளைத் தூக்கிக் கோட்டை இழுத்தபோது உள்பையில் ஏதோ நெருடியது. கைவிட்டு எடுத்தாள். ஒரு பொலித்தீன் பை. அதற்குள் முப்பது நாற்பது மெல்லிய மூங்கில் குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சுற்றிய பஞ்சு, பஞ்சு முழுக்கக் கரி. கூடவே நாலாக மடித்த கட்டம்போட்ட தாள். விரித்தாள். ஒரு முனையில் குத்தி நிற்கிற மாதிரி இரண்டு சதுரங்கள் பென்சிலால் கீறப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கேடயம். அதற்குள் கோபுரம், நட்சத்திரம், தலையில்லாத ஒரு பறவை. முதல் சதுரத்தில் கேடயத்தைச் சுற்றிய பின்னணி முழுவதும் கறுப்பு. மற்றதில் இடது பாதி மட்டும் கறுப்பு, வலது பாதியைத் தொடாமல் வெறுமனே விட்டிருந்தது. கீழே வரிவரியாக எழுத்துகள். காலொடிந்ததும் கையொடிந்ததுமாக இருந்த அவை எந்தப் பாஷை என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய தமையன் தவராசா அறைக்குள் வந்தார். ஊரில் செபமாலைச் சங்கத் தலைவராக இருந்தவர். கடல் தாண்டி வந்தபிறகும் அந்தப் பதவியை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. ஓரேத்தோவில் அவர் குடியிருக்கிற வீட்டுக்கு ஆட்கள் நெற்றியில் எண்ணெய் பூசிச் செபிக்க வருவார்கள். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பஞ்சைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இது செய்வினை, பிள்ளை. தலை வெட்டின குருவி, பாதி கறுப்பு, பாதி வெள்ளை, மந்திர எழுத்து. பஞ்சிலை மை. சுவாமியார் வரமுன்னம் எரிச்சுப்போடு.”

வெளி அறையிலிருந்த பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். மச்சான் பன்னிரண்டு நாளாக ஒரு மாதிரித்தான் இருந்தார் என்று தவராசா அவர்களுக்கும் கேட்கும்படி விளக்கினார். பேச்சில்லை, சிரிப்பில்லை, ஞாயிறு பூசைக்கு வந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வைத்ததை இவர் எடுத்தாரோ, இல்லை இவரே போய் யாரிடமாவது கட்டுவித்தாரோ, எதுவாயிருந்தாலும் சவத்தோடு வீட்டில் இருக்கக் கூடாத சாமான்.

றோசமலர் தாளைத் திரும்ப வாங்கினாள். “எரிக்கிறதெண்டா நாளைக்கும் எரிக்கலாம் அண்ணை. எரிச்சாப்பிறகு வாசிக்கேலாது.”

அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கோட்டின் மற்றக் கையைப் போட்டு முடித்தாள். எப்படிப் போட்டாளென்று பிறகு அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

எமிலியானா பின்னேரம் நாலு மணிக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, நகக்கண்ணில் சாயம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிலுவை போட்டாள். அருளையாவின் முகத்தை நேரே பார்க்கமாட்டாமல் அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பி குடிக்கக் கூப்பிட்ட றோசமலரின் பின்னால் குசினிக்கு வந்ததும், கதிரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கிவிட்டாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்ன முதல் விஷயமே றோசமலரைத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு நாளுக்கு முன்னரே அருளையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாளாம்.

பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அந்தக் கோயிலின் சுவர்களில் உயரத்தில் பதினொரு பலகைகள் தொங்குகின்றன. முன்காலத்தில் அந்தப் பக்கத்துப் பிரபுக் குடும்பங்களில் யாராவது இறந்தால், அவருடைய குலச்சின்னத்தை ஒரு பலகையில் வரைந்து, சவத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு கோயிலில் மாட்டிவிடுவார்களாம். இருநூற்றைம்பது வருட மெழுகுதிரிப் புகை ஏறி எல்லாம் அடுப்படிச் சுவராகிவிட்டன. அதைத் துடைத்து உள்ளேயிருக்கிற வர்ணத்தை மீட்பதுதான் அவர்களுடைய வேலை.

எதனால் துடைப்பீர்கள் என்று கேட்டாள் றோசமலர்.

எமிலியானா தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். துப்பலால். குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து நனைத்து, நகமளவு இடமாக உருட்டி எடுப்பது. மருந்துகள் சிலவேளை வர்ணத்தையும் தின்றுவிடும். மனிதனுடைய துப்பல் அழுக்கை மட்டும் பதமாகக் கரைக்கும். உலகமெங்கும் செய்கிற முறைதானாம். முதலில் அருளையா வெட்கப்பட்டு மாட்டேன் என்றாராம். பிறகு அவளைவிட அவர் கை சுத்தமாகிவிட்டதாம். காலையில் உறைப்புச் சாப்பிட்டால் துப்பல் கெட்டுவிடும் என்று அவரே கண்டுபிடித்தாராம்.

றோசமலர் கோப்பிக் கேத்தலை அடுப்பில் வைத்தாள். அடுத்தவன் குடித்த கோப்பையில் வாய் வைக்காத மனிதர். கோயில் சாமானில் துப்புவதைப் பெண்சாதியிடம் எப்படிச் சொல்வார்? அது போகட்டும். ஒன்றரை வருடமாக அவர் காலையில் சம்பலைத் தள்ளிவிட்டு வெறும் பாணைத் தின்றுகொண்டு போனார். தன் கைச்சமையல் அலுத்துப்போய்விட்டதென்று அவள் எத்தனை காலை உள்ளுக்குள் குமைந்திருக்கிறாள், ஒருநாள் சம்பல் கோப்பையை அவர் முன்னாலேயே குப்பையில் கொட்டியும் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே சிரிப்பும் வந்தது. அதற்குப் பிறகுதான் அன்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். எமிலியானா எழுந்து அடுப்பை நிறுத்தினாள்.

அழுது முடிந்ததும் அவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. இன்று காலையும் அவர் வெறும் பாண்தான் சாப்பிட்டார். நேற்றும், முந்தாநாளும் அதுதான். வேலையே இல்லாத பன்னிரண்டு நாளும் எதற்காகச் சம்பலைத் தள்ளிவைத்தார்?

எமிலியானாவுக்குத் தெரியவில்லை. சண்டை வந்த நாளிலிருந்து அவளே கோயில் பக்கம் போகவில்லை. சண்டை ஏழாவது பலகையால் வந்தது. மற்றப் பலகைகளில் கேடயத்தின் பின்னணி முழுக்கக் கறுப்பு. ஏழாவதில், அவள் ஊரிலில்லாத இரண்டு நாளில், அருளையா வலது பாதியைத் துடைத்து வெள்ளையாக்கி வைத்திருந்தார். பழம்பொருட்களுக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த, எல்லோரும் டொத்தோரே என்று அழைக்கிற அதிகாரி பார்த்தார். அசலான கறுப்பு வர்ணத்தை உரித்துவிட்டீர்கள் என்று குதித்தார். யார் செய்தது என்று கேட்டார். அருளையா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பியாங்கோ, பியாங்கோ, கீழே வெள்ளைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். எமிலியானா அவருடைய பெயரைச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டாள். வரும் திங்கட்கிழமை அந்தப் பாதியைத் திரும்பக் கறுப்பாக்குவதென்று முடிவாகியிருக்கிறது.

றோசமலர் சட்டைக்குள்ளிருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். இது செய்வினையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

எமிலியானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். விரல் எழுத்துகளின் மேல் ஊர்ந்தது. அந்தக் கோயிலின் நிலத்தில் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. தேய்ந்துபோன அந்தக் கற்களில் இருப்பதை, வாசிக்கத் தெரியாமலே, தேய்ந்தது தேய்ந்தபடியே அருளையா பார்த்துக் கீறியிருக்கிறார். காலொடிந்த எழுத்துகளில் பாதி லத்தீன் பெயர்கள், பாதி உரோம இலக்கங்கள். முழுக் கறுப்புச் சதுரத்தின் கீழே ஒரு பிரபுவும் மனைவியும். மனைவி முந்தி இறந்திருக்கிறாள். பாதி வெள்ளைச் சதுரத்தின் கீழே இன்னொரு சோடி. கணவன் இறந்தது ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டில். மனைவி, அறுபத்தொன்றில்.

வடக்கு நாடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக எமிலியானா படித்திருக்கிறாள். கேடயத்தின் ஒரு பாதி கணவனுடையது, மறுபாதி மனைவியுடையது. செத்தவர் பக்கம் பின்னணி கறுப்பு, உயிரோடிருக்கிறவர் பக்கம் வெள்ளை. சிசிலியில் அவள் அப்படிக் கண்டதில்லை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவளுக்கும் ஒரு சந்தேகம் தட்டியதுதான். டொத்தோரேயின் முன்னால் சொல்லப் பயந்துவிட்டாள்.

“உங்கள் கணவர் எதையும் உரிக்கவில்லை, சிஞ்ஞோரா. அது அந்தப் பெண்ணின் பாதி. அவள் அப்போது இருந்தாள்.”

தாளைத் தரமுடியுமா என்று கேட்டாள். குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தவராசா உள்ளே வந்துவிட்டார். செய்வினை என்ற பேச்சை அவர் விட்டுவிட்டார், எரிக்கிற பேச்சை விடவில்லை. கை காட்டிக் கொடுத்தவளிடமே கடுதாசியைக் கொடுப்பதா? அலுவலகத்துக்காரன் ஒப்புக்கொள்ளாவிட்டால், பலகையைத் தொட்டது இவர்தான் என்பதற்கு இந்தக் கடுதாசியே சாட்சியாகிவிடும்.

“பங்குனியிலை உன்ரை பெர்மெஸ்ஸோ விசா முடியுது. குவெஸ்தூராப் பொலிசிலை போய் நிக்கேக்கை, அரசாங்கச் சாமானைப் பழுதாக்கினவன்ரை பெண்சாதி எண்டு எழுதியிருந்தா என்ன செய்வாய்? செத்த மனிசனை ஆரும் விசாரிக்கப் போறேல்லை. நீ இருக்கிறாய்.”

தமையன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் றோசமலருக்கு வலித்தது. பேசாமலிருந்தால் அவளுக்கு ஒரு கெடுதியும் வராது. திங்கட்கிழமை யாரோ வந்து கறுப்பைப் பூசிவிட்டுப் போவார்கள். கோட்டு போட்டுப் படுத்திருக்கிற அந்த மனிதர், கோயில் படத்தை நாசமாக்கியவர் என்ற பெயரோடு மண்ணுக்குள் போவார். பன்னிரண்டு நாள் வாய் பேசாமல் நிலத்தைப் பார்த்துக் கீறியதெல்லாம் சாம்பலாகிவிடும். அவள் தாளை மடித்துத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

எமிலியானாவிடம் அவள் இத்தாலியனில் சொன்னது, தமிழில் இவ்வளவுதான்: “பிழை எண்டு சொல்லேக்கை அவரின்ரை பேரைச் சொன்னனீங்கள். சரி எண்டு சொல்லேக்கையும் பேரைச் சொல்லவேணும். நாளைக்குப் பத்து மணிக்குப் பூசை. அந்த டொத்தோரேயைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கடுதாசியை நான் கொண்டு வாறன்.”

மறுநாள் அதே கோயிலில்தான் பூசை. தமிழ்ச் சனம் நிறைந்திருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவுகிற பொடியள்கூட அரைநாள் கேட்டு வந்திருந்தார்கள். பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் நடு வழியில் இரண்டு மரத்தாங்கிகளின் மேல் வைத்தார்கள். பக்கத்துச் சிறு பீடத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த பலகையை றோசமலர் அப்போதுதான் கண்டாள். ஆளுயரம் இருந்தது. கோபுரம் சிவப்பாகவும் நட்சத்திரங்கள் மஞ்சளாகவும் இருந்தன, பறவைக்கு உண்மையாகவே தலை இல்லை. இடது பாதியின் கறுப்பு பளபளத்தது. வலது பாதி சுண்ணாம்பு வெள்ளையல்ல, துவைத்துத் துவைத்துப் பழுத்த துணியின் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே அவள் அரைவாசிப் பூசையைக் கோட்டைவிட்டாள்.

டொத்தோரே நற்கருணை நேரத்தில் வந்து, கழுத்துச் சால்வையோடு கடைசித் தூணடியில் நின்றார். இறுதி ஆசீர்வாதம் முடிந்து, தூக்குகிறவர்கள் முன்னுக்கு வருவதற்குள் எமிலியானா அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். றோசமலர் தாளை எடுத்து நீட்டினாள். அவர் படித்தார். ஒரு தரம் பலகையைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். பென்சிலில் எழுதியதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, கல்லைப் பார்க்கவேண்டும் என்றார். கல் எங்கே?

எமிலியானா பக்கத்துக் கற்களிலெல்லாம் குனிந்து தேடினாள். கோயில் மணி அடிக்கிற கிழவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். இந்தத் தமிழன் பன்னிரண்டு நாளாகக் காலையிலிருந்து முழங்காலில் இருந்தது வேறு இடத்தில் என்றார். தான் அதைச் செபம் என்று நினைத்திருந்தாராம். கையை நீட்டிப் பெட்டியைக் காட்டினார். அதற்குக் கீழே.

சுவாமியார் டொத்தோரேயைப் பார்த்தார், டொத்தோரே தன் சால்வையைச் சரிசெய்தார், பிறகு ஒருநாள் வரலாமே என்று இழுத்தார். றோசமலர் தமையனைப் பார்த்தாள். தவராசா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெட்டியின் தலைமாட்டுக்குப் போனார். இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அருளையா இரண்டு எட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

கல் முழுவதும் சப்பாத்துத் தேய்ந்த கறுப்பும் பழைய மெழுகுமாக இருந்தது. மேலேயிருந்த பிரபுவின் பெயரும் இலக்கமும் அழுக்குக்குள் மங்கித் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஒரேயொரு வரி மட்டும், கையகலத்துக்கு, வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் பள்ளமும், நகமளவு நகமளவாகப் பஞ்சால் உருட்டி எடுத்த மாதிரி, சுத்தமாக இருந்தது. டொத்தோரே கல்லில் முழங்காலிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாக வாசித்தார். அது மனைவியின் பெயர். அவள் செத்த வருடத்தை வாசித்துவிட்டு அவர் எழும்பவில்லை.

“பத்தொன்பது வருடம்” என்றார், யாரிடமென்றில்லாமல்.

எமிலியானா அப்போதுதான் வாயைத் திறந்தாள். பெயர் அவளுடைய நாக்கில் சரியாகப் புரளவில்லை, ஆனாலும் முழுப்பெயரும் சொன்னாள். அருளையா செய்தது சரி, தெரிந்தும் பேசாமல் நின்றது நான் என்று, கடைசி வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். டொத்தோரே தாளைக் கவனமாக மடித்து, இதைப் பலகையோடு வைக்கவேண்டும், எடுத்துக்கொள்ளலாமா என்று றோசமலரிடம் கேட்டார். திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். அவள் ஓம் என்று தமிழில் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது.

தவராசா அவளுக்குக் கிட்ட வந்து, பெட்டியைத் திரும்பப் பழைய இடத்தில் வைப்பதா, இப்படியே தூக்குவதா என்று கேட்டார். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எழுத்துகளை அவளுக்கும் வாசிக்கத் தெரியாது.

“இப்பிடியே தூக்குங்கோ அண்ணை.”

பெட்டி தோளுக்கு ஏறி வாசலை நோக்கித் திரும்பியது. பின்னால் நடந்த றோசமலர், கல்லுக்கு வந்ததும் சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு அதை விலத்தி ஓரமாகப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும், ஏனென்று தெரியாமலே, ஒருவர் பின் ஒருவராக அந்த இடத்தை விலத்தி நடந்தார்கள்.